பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கு வி.ஆர். விளையாட்டு: ஆளுக்கு ஆள் அளவெடுத்து அமைக்கும் முழு வழிமுறை

பக்கவாதத்தில் தளர்ந்துபோன கைக்குப் பயிற்சி தர வி.ஆர். (மெய்நிகர் உலக) விளையாட்டைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக, கண்ணை மூடித் திரை காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிவிடுகிறார்கள். வரிசைப்படி பார்த்தால் அது ஏழாவது வேலை. அதற்கு முந்தைய ஆறையும் விட்டுவிட்டு ஓடியவர்கள், சில நாள்களில் தோள்வலி என்றோ, தலைசுற்றல் என்றோ, "இவருக்கு இது ஒத்துவரவில்லை" என்றோ நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒத்துவராமல் போனது வரிசை.

இந்த வழிகாட்டி, உட்கார்ந்தபடி செய்யும் கைப் பயிற்சிக்கு மட்டும். நடைக்கும் சமநிலைக்கும் விழும் அபாயம் உண்டு; அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இயன்முறை மருத்துவர், செயல்முறை சிகிச்சையாளர், விளையாட்டை எழுதும் மென்பொருளாளர், வீட்டில் உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. இப்போது தொடங்கலாமா என்று முதலில் கேளுங்கள்

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு 2,104 பேரைக் கொண்டு இதைச் சோதித்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைக்கப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தார்கள். அது வி.ஆர். ஆய்வு அன்று. ஆனாலும் முதல் நாள்களின் அவசரம் நன்மை தராது என்பதற்கு அது போதும். தொடங்கும் நாளைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொல்லட்டும்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பு வந்திருக்கிறதா? இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? ஹெட்செட்டிலும் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரிலும் காந்தங்கள் இருக்கலாம் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம்.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இன்னும் மூடாமல் இருப்பவருக்கு ஹெட்செட்டை மாட்டவே கூடாது. பட்டை அழுத்தும் இடமும் எலும்பில்லாத இடமும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அவருக்கு மேசைமேல் வைத்த திரையும் கேமராவும் போதும். இங்கே சொல்லும் மற்ற படிகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

2. கையை அளந்து தாளில் எழுதுங்கள்

ஆளுக்கேற்ப அமைப்பது என்றால் அந்த ஆளைப் பற்றிய எண்கள் வேண்டும். விளையாட்டு தானாகவே கற்றுக்கொண்டுவிடும் என்று விட்டால், அது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முதல் சில அமர்வுகளைத் தோல்வியிலேயே கழிக்கும். நோயாளியின் நம்பிக்கை உடைவது அந்த முதல் சில அமர்வுகளில்தான்.

நான் வைத்திருப்பது மூன்று அளவுகள். பக்கவாதத்துக்குப் பிறகு அசைவை அளக்கும் ஃபியூகல்-மேயர் மதிப்பீட்டின் கைப் பகுதி, மொத்தம் 66 புள்ளி. பெட்டி-கட்டைச் சோதனை: 2.5 சென்டிமீட்டர் மரக்கட்டைகளை நடுத்தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போட வேண்டும். 60 விநாடிகளில் எத்தனை என்பது கணக்கு. தசை இறுக்கத்துக்குத் திருத்திய ஆஷ்வொர்த் அளவுகோல், 0 முதல் 4 வரை. இவற்றை முறையாகச் செய்யப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர் ஊகித்துப் போடும் புள்ளி, அளக்காமல் இருப்பதைவிட மோசம்.

இவற்றோடு தோள்வலியையும் எழுதுங்கள்: அசையாமல் இருக்கும்போது எவ்வளவு, கையை முன்னால் தூக்கும்போது எந்த உயரத்தில் தொடங்குகிறது. பின்னால் ஒவ்வொரு இலக்கின் உயரத்தையும் முடிவு செய்யப்போவது இந்த ஒரு குறிப்புதான்.

3. பார்வை, கவனம், பேச்சு மூன்றையும் தனித்தனியே பாருங்கள்

கை மட்டும்தான் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மூளையின் வலப்பக்கத்தில் பாதிப்பு வந்தவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே கவனத்தில் இருக்காது. தாள் நிறைய அச்சிட்ட நட்சத்திரங்களை அடிக்கச் சொன்னால், வலது பாதியை முழுவதும் அடித்துவிட்டு "முடித்துவிட்டேன்" என்று தாளைத் திருப்பித் தருவார்கள். இது ஒருபக்கப் புறக்கணிப்பு.

பாதிப் பார்வை போனவர் வேறு. அவர் தனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்பதைப் பெரும்பாலும் உணர்ந்து, தலையைத் திருப்பித் தேடுவார். விளையாட்டின் பதிவில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: இடப்பக்க இலக்குகள் எல்லாம் தவறியிருக்கும். அதைப் பார்த்த மென்பொருள், 'இடது இலக்கு கடினம்' என்று முடிவுகட்டி இலக்குகளை வலப்பக்கமாகவே நகர்த்திக்கொண்டு போகும். வெற்றி கூடும், புறக்கணிப்பு அப்படியே இருக்கும். எனவே இலக்கின் இடவலத்தை மட்டும் தானியங்கி விதியிடம் ஒப்படைக்காதீர்கள். இடது விளிம்பில் பளிச்சென்ற நிறக்கோடு ஒன்றை வைத்து, 'கோட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்' என்று பழக்கி, இலக்குகளைச் சிறிது சிறிதாக இடப்பக்கம் கொண்டுபோவது சிகிச்சையாளரின் கை வேலை.

பேச்சு இழந்தவருக்கு எழுத்தில் வரும் கட்டளை பெரும்பாலும் பயன்படாது. ஒருமுறை செய்துகாட்டுங்கள், படக்குறிகளை வையுங்கள். 'ஆம்', 'இல்லை', 'நிறுத்து' மூன்றுக்கும் நல்ல கையால் காட்டும் சைகைகளை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். ஹெட்செட் மாட்டிய பிறகு அவர் முகம் உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகம் அவருக்குத் தெரியாது.

4. வேலையை முதலில், விளையாட்டைப் பிறகு தேர்ந்தெடுங்கள்

அவர் எந்த வேலையை மறுபடி செய்ய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'கை நன்றாக வேண்டும்' என்பது பயன்படாது. 'மேசையில் இருக்கும் குவளையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும்' என்பது பயன்படும், ஏனென்றால் அதை உடைத்துப் பார்க்கலாம்: தோள் முன்னால் வர வேண்டும், முழங்கை நீள வேண்டும், விரல்கள் விரிந்து மூட வேண்டும், முழங்கை மடங்க வேண்டும். எந்தத் துண்டில் தடை இருக்கிறதோ அந்தத் துண்டைப் பலமுறை செய்யவைக்கும் விளையாட்டுதான் உங்களுக்கு வேண்டியது.

கடைகளில் விற்கும் பொதுவான விளையாட்டுகளைச் சும்மா ஆடுவதால் தனிப் பலன் வந்துவிடாது. 2016-இல் வெளியான எவ்ரெஸ்ட் ஆய்வு, 141 பேரில் ஒரு பாதியினருக்கு வீட்டு விளையாட்டுக் கருவியையும் மறு பாதியினருக்குச் சீட்டு, டோமினோ போன்ற எளிய பொழுதுபோக்குகளையும் கொடுத்துப் பார்த்தது. இரு பக்கமும் முன்னேறினார்கள். ஒரு பக்கம் மற்றதை முந்தவில்லை. இந்த முடிவைப் படித்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது தெளிவையே தந்தது. குறிப்பிட்ட அசைவைக் குறிப்பிட்ட அளவில் திரும்பத் திரும்பச் செய்யவைக்காவிட்டால் திரையில் எதைக் காட்டினாலும் ஒன்றுதான்.

இரண்டு கைகளாலும் ஆடக்கூடிய விளையாட்டில், தளர்ந்த கையை மட்டுமே ஏற்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நல்ல கை ஐந்தே நிமிடத்தில் முழு ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளும்.

5. நாற்காலி, இடம்

சக்கரமில்லாத நாற்காலி, முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ளது. இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் கீழே பலகை. கால் தொங்கினால் இடுப்பு சரியும், இடுப்பு சரிந்தால் தோள் சாயும். நீங்கள் அளப்பது கையாக இருக்காது.

முன்னால் மேசை, முழங்கை உயரத்தில். தளர்ந்த கை ஓய்வில் மேசைமேல் இருக்க வேண்டும்; நாற்காலியின் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. தளர்ந்த தோளில் கையின் எடையே மூட்டை இழுத்து இறக்கிவிடும். உதவுபவர் தளர்ந்த பக்கத்திலேயே நிற்க வேண்டும். கையைத் தூக்கிவிட நேர்ந்தால் முழங்கையையும் முன்கையையும் கீழிருந்து தாங்குங்கள்; விரலையோ மணிக்கட்டையோ பிடித்து இழுக்காதீர்கள்.

6. கன்ட்ரோலரா, வெறும் கையா

கன்ட்ரோலர் துல்லியமாகப் பின்தொடரும். எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பதே அதன் குறை. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு மூடுவது எளிது, விரிப்பதுதான் கடினம். இருபது நிமிடம் இறுகப் பிடித்திருந்தால் விரல்கள் இன்னும் இறுகும். பிடி இல்லாதவருக்கு மெத்தென்ற பட்டையால் கையோடு கட்டலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து விரல் நுனியின் நிறத்தைப் பாருங்கள். அங்கே உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கம் அவருக்கே தெரியாது.

வெறும் கையைக் கேமரா பின்தொடரும் முறையில் விரிப்பையும் பயிற்சியாக்கலாம். ஆனால் ஹெட்செட்டின் கேமராக்கள் தலையிலிருந்து பார்க்கின்றன. மடியில் கிடக்கும் கையும் உள்ளங்கைக்குள் சுருண்ட விரல்களும் அவற்றுக்குத் தெரிவதில்லை. கை திரையிலிருந்து மறைந்துபோவதை நோயாளி தன் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார். அப்படி மறைந்த முயற்சிகளைத் தவறாக எண்ணாமல் கணக்கிலிருந்தே நீக்கும்படி மென்பொருளை எழுதுங்கள். விரல்கள் முழுவதும் சுருண்டிருப்பவருக்கு மணிக்கட்டில் கட்டும் சென்சார்தான் சரி.

7. முதல் அமர்வில் விளையாட்டு வேண்டாம்

ஹெட்செட்டை இப்போது மாட்டலாம். மூக்குக் கண்ணாடி அணிபவருக்கு இடைவெளி வளையம் போடுங்கள். பட்டையை அவரால் ஒற்றைக் கையால் சரிசெய்ய முடியாது. நீங்களே செய்து, நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்தம் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

அசையாத ஓர் அறையைக் காட்டுங்கள். மூன்று நிமிடம் சுற்றிப் பார்க்கட்டும், பிறகு கழற்றிவிடுங்கள். கண் 'நகர்கிறேன்' என்று சொல்லும்போது உட்காது 'இல்லை' என்று சொன்னால் குமட்டல் வருகிறது. ஆகவே கையை அசைக்கும் விளையாட்டாக இருக்கட்டும். உலகம் ஓடும் விளையாட்டாக இருக்க வேண்டாம். பளிச் பளிச்சென்று மின்னும் காட்சிகளை முழுவதும் நீக்குங்கள்.

மாட்டுவதற்கு முன்பும் கழற்றிய பின்பும் 16 அறிகுறிகளைக் கேட்கும் வினாத்தாள் ஒன்று 1993 முதல் புழக்கத்தில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். மாட்டுவதற்கு முன் கேட்காதவர்கள், முன்பே இருந்த தலைசுற்றலை ஹெட்செட்டின் மேல் போட்டு நல்ல பயிற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

8. அளவு எடுங்கள்

தையற்காரர் அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பவரின் சட்டை மறுநாள் பிடிக்கும். கைக்கும் அப்படித்தான். "முடிந்தவரை நீட்டுங்கள்" என்று சொன்னால், ஒரே ஒரு முறை மட்டும் முடிகிற ஒன்றை அவர் செய்துகாட்டுவார். அதை எல்லையாக வைத்தால் நூறு முறை செய்யச் சொல்லும்போது தோள் போய்விடும்.

முதுகு சாய்வில் ஒட்டியிருக்க, மேசை மட்டத்தில் ஐந்து திசைகளில் கையை நீட்டச் சொல்லுங்கள்: நேர் முன்னால், இரண்டு சாய்வுகள், இரண்டு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முறை. மூன்றில் நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதை வேண்டாம். பிறகு இதையே நெஞ்சு உயரத்தில் செய்யுங்கள். தோள் மட்டத்துக்கு மேல், வலியில்லாத, தோள்பட்டை எலும்பு சரியாகச் சுழலும் கைக்கு மட்டும், அதுவும் சிகிச்சையாளர் பார்த்த பிறகு.

கிடைக்கும் புள்ளிகளை இணைத்தால் அவருடைய எட்டுவெளி, அதாவது கை எட்டும் பரப்பு, கிடைக்கும். அது அரைவட்டமாக இருக்காது. ஒரு பக்கம் நசுங்கி, ஒரு பக்கம் நீண்டு இருக்கும். அந்த நசுங்கல்தான் அவருக்கே உரியது. பல விளையாட்டுகள் ஒரே ஒரு தூரத்தை அளந்து அதை வட்டமாக நினைத்துக்கொள்கின்றன. அப்படிச் செய்தால் வெளிப்பக்க இலக்குகள் எட்டவே எட்டாது, உட்பக்க இலக்குகள் சலிப்பைத் தரும்.

நான் இலக்குகளில் பெரும்பாலானவற்றை அந்த எல்லையின் 70 முதல் 90 விழுக்காட்டுத் தூரத்திலும், பத்தில் ஒன்றை எல்லைக்குச் சற்று வெளியேயும் வைப்பேன். வெளியே ஒன்றும் இல்லாவிட்டால் எல்லை நகர்ந்தது தெரியவே தெரியாது. ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது இரண்டு நிமிடச் சுருக்க அளவு எடுங்கள். தூக்கம் கெட்ட மறுநாளின் கையும் நேற்றைய கையும் ஒன்றல்ல.

அசைவு மிகக் குறைவானவருக்குத் திரையில் பெருக்கிக் காட்டலாம்: கை 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் 15. ஊக்கம் தரும் நல்ல வழிதான். ஆனால் அந்தப் பெருக்கத்தை ஒவ்வொரு நாளும் எழுதிவைத்து, 1-ஐ நோக்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெருக்கம் 1.5-இல் இருப்பதை மறந்துவிட்டு, "15 சென்டிமீட்டர் எட்டிவிட்டார்" என்று குடும்பத்திடம் சொல்லிவிட்டு வருந்தியவர்களை அறிவேன்.

9. கடினத்தின் திருகுகளைப் பிரித்து வையுங்கள்

'நிலை 1, நிலை 2, நிலை 3' என்று ஒரே ஏணியாக அமைக்கப்பட்ட விளையாட்டில் நிலை ஏறும்போது தூரம், வேகம், இலக்கின் சிறுமை, எண்ணிக்கை எல்லாம் சேர்ந்தே ஏறும். மூன்றாம் நிலையில் ஒருவர் தோற்றால் எதனால் என்று உங்களுக்குத் தெரியாது.

திருகுகளைத் தனித்தனியாக்குங்கள்: தூரம், உயரம், இலக்கின் அளவு, கொடுக்கும் நேரம், விரலை விரிக்க வேண்டுமா என்பது, கண்ணைக் கவரும் இடைஞ்சல்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள்.

எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்பதற்கு ஃபிட்ஸ் 1954-இல் சொன்ன விதி கைகொடுக்கும்: ஓர் இலக்கை எட்டும் கடினம், தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. தூரத்தை இரட்டித்து அகலத்தையும் இரட்டித்தால் குறிபார்க்கும் கடினம் மாறாது. ஆனால் தளர்ந்த தோளுக்குத் தூரம் என்பது குறிபார்க்கும் வேலை மட்டுமில்லை, எடை தாங்கும் வேலையும்கூட. எனவே முதல் வாரங்களில் இலக்கைப் பெரிதாகவே வைத்துத் தூரத்தை நகர்த்துகிறேன். அளவைச் சுருக்குவது பிறகு. நேரத்தைக் குறைப்பது கடைசி. அவசரப்படுத்தினால் தசை இறுக்கம் முதலில் வந்து நிற்கும்.

10. ஏறி இறங்கும் விதியை எழுதுங்கள்

இங்கே பெரிய கணிதம் தேவையில்லை. எளிய விதி: தொடர்ந்து இரண்டு இலக்குகளைத் தொட்டால் ஒரு படி கடினம், ஒன்று தவறினால் ஒரு படி எளிது. தொடர்ந்து இருமுறை வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதியாகும் இடத்தில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பாதியின் வர்க்கமூலம் 0.707. எனவே வெற்றி விகிதம் 70.7 விழுக்காட்டில் தானாக நிலைகொள்ளும். 'தொடர்ந்து மூன்று' என்று மாற்றினால் அது 79.4 ஆகும்.

எதை எடுப்பது? மனம் தளர்ந்தவருக்கும் முதல் வாரத்தில் இருப்பவருக்கும் மூன்று. போட்டி மனப்பான்மை உள்ளவருக்கு இரண்டு. இதைச் சொல்லக்கூடியவர் அவரோடு பேசிப் பழகியவர்தான்; மென்பொருளுக்குத் தெரியாது.

படியின் அளவு சிறியதாக இருக்கட்டும்: தூரத்தில் 1 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் படி வைத்தால், எட்டுகிற இலக்கும் எட்டாத இலக்கும் மாறி மாறி வந்து, ஆடுபவருக்கு விளையாட்டு தன்னைக் கேலி செய்வது போல் இருக்கும்.

இந்த விதியில் புதியவர்கள் தவறும் இடங்கள் மூன்றைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, நேற்று முடித்த படியிலேயே இன்று தொடங்குவது. நான்கைந்து படி கீழிருந்து தொடங்கினால் கை சூடாகவும் நேரம் கிடைக்கும், முதல் நிமிடத்திலேயே வெற்றியும் கிடைக்கும். இரண்டு, மேல் வரம்பு வைக்க மறப்பது. தோள்வலி உள்ளவருக்கு உயரத் திருகுக்குக் கண்டிப்பான பூட்டு வேண்டும்; எத்தனை முறை வென்றாலும் அதைத் தாண்டக் கூடாது. மூன்று, களைப்பைத் திறமைக் குறைவாக எண்ணுவது. பதினைந்தாம் நிமிடத்தில் தொடர்ந்து நான்கு தவறினால் விளையாட்டு எளிதாகத் தேவையில்லை, நின்றுவிட வேண்டும்.

11. முதுகைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

மூதாட்டி ஒருவர். வலது கை தளர்ச்சி. அலமாரியில் குவளைகளை வைக்கும் விளையாட்டு. ஆறு நாளில் இலக்கின் தூரம் 24 சென்டிமீட்டரிலிருந்து 37-க்கு ஏறியிருந்தது. மகள் ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார். ஏழாம் நாள் திரையைப் பார்ப்பதை விட்டு, அந்த அம்மாவின் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முழங்கை முதல் நாள் இருந்த அதே மடிப்பில் இருந்தது. நீண்டது கை இல்லை. முதுகு நாற்காலியை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

துண்டு ஒன்றை நான்காக மடித்து அவர் முதுகுக்கும் நாற்காலிக்கும் இடையில் வைத்தேன். "அம்மா, இந்தத் துண்டு கீழே விழாமல் கையை நீட்டுங்கள்." முதல் முயற்சியிலேயே விழுந்தது. விழாமல் நீட்டியபோது எட்டியது 23 சென்டிமீட்டர். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் இத்தனை நாளும் என் முதுகுதான் விளையாடியதா?" என்று கேட்டார். தவறு அவருடையது இல்லை, என்னுடையது. வெற்றி எது என்று விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்; எப்படித் தொட்டாலும் வெற்றி என்று சொல்லியிருந்தேன்.

ஈடுகட்டும் அசைவை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஹெட்செட் தான் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. தலை முன்னால் வந்தால் பெரும்பாலும் முதுகு வந்திருக்கிறது என்று பொருள். தொடக்க நிலையிலிருந்து தலை 5 சென்டிமீட்டருக்கு மேல் முன்னேறினால் அந்தத் தொடுதலை ஏறும் விதியின் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். மணியடித்துத் தண்டிக்க வேண்டாம். திரையின் ஓரம் மெதுவாக மங்கினால் போதும், சாய்ந்தவுடன் தெளிந்துவிடும். கழுத்தை மட்டும் நீட்டுபவர்களும் உண்டு என்பதால் வாரத்துக்கு ஒருமுறையாவது பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். தோள் ஏறுவதை ஹெட்செட் காட்டாது, கண்தான் காட்டும்.

கையில் அசைவே மிகக் குறைவாக உள்ள சிலருக்கு முதுகின் உதவி மட்டுமே வேலையை முடிக்கும் வழியாக இருக்கும். அவர்களுக்கு அதைத் தடுப்பதா, விடுவதா என்பதைச் சிகிச்சையாளர் தீர்மானிக்கட்டும். விடுவது என்று முடிவு செய்தால் அதையும் எழுதிவையுங்கள்.

12. எத்தனை முறை, எப்போது நிறுத்துவது

2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மறுவாழ்வுச் சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணினார்கள். கைக்கான செயல்சார் அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 மட்டுமே இருந்தன. மூளை தன்னை மாற்றிக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை பயிற்சி நடந்திருக்கிறது. சலிப்பில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் விளையாட்டால் நமக்கு ஆகும் முதல் காரியம்.

ஆனால் முதல் நாளே நூறைத் தொட வேண்டாம். ஐந்து நிமிட ஆட்டம், இரண்டு நிமிட ஓய்வு, மூன்று சுற்று என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு சுற்றாகக் கூட்டுங்கள். ஓய்வின்போது ஹெட்செட்டைக் கழற்றி, விரல்களையும் மணிக்கட்டையும் மெதுவாக நீட்டிவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: அசைவின் வேகம் குறைந்து பாதை கோணுகிறது, விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன, தோளில் வலி, முகம் வெளுத்து வியர்க்கிறது. திடீரென்று முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, மரத்துப்போனாலோ, கடும் தலைவலி வந்தாலோ உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். "சற்றுப் படுத்தால் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது.

13. முன்னேற்றத்தை வெற்றி விகிதத்தில் தேடாதீர்கள்

ஒரு மாதம் கழித்துப் பதிவைத் திறந்து, "வெற்றி 70 விழுக்காட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது; கொஞ்சமும் கூடவில்லை" என்று கலங்கிப்போய் வருகிறார்கள். பத்தாம் படியில் எழுதிய விதி அதைத்தானே செய்யச் சொன்னது! கை எவ்வளவு முன்னேறினாலும் விளையாட்டும் கூடவே ஏறும், விகிதம் நகராது. நகர்ந்தால்தான் விதியில் கோளாறு.

முன்னேற்றம் திருகுகளில் இருக்கிறது: தூரம் எங்கே நிற்கிறது, எந்த இலக்களவில், முதுகு எவ்வளவு அசைந்து, பெருக்கம் எத்தனை. இந்த நான்கையும் ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் மற்ற மூன்றும் பொய் சொல்லும்.

இன்னும் நல்ல வழி, வாரத்துக்கு ஒருநாள், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், மாறாத 20 இலக்குகள். அன்று ஏறும் விதி அணைந்திருக்க வேண்டும், பெருக்கம் 1, முதுகில் துண்டு. இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்கள் மட்டுமே வாரத்துக்கு வாரம் ஒப்பிடத் தக்கவை. எட்டிய எண்ணிக்கையோடு, கை போன பாதை எவ்வளவு நேராக இருந்தது, நடுவில் எத்தனை முறை வேகம் விட்டு விட்டு எழுந்தது என்பதையும் மென்பொருள் பதியட்டும். எட்டும் தூரம் கூடாத வாரங்களிலும் அசைவு வழவழப்பாகியிருப்பதை இவை காட்டும். அதை நோயாளியிடம் சொல்லுங்கள்: "ஐயா, போன வாரம் கை நான்கு இடத்தில் தயங்கித் தயங்கிப் போனது, இன்று இரண்டே இடம்." ஆயிரம் நட்சத்திரங்கள் பொழிவதைவிட இந்த ஒரு வரி அவரை நாளைக்கு உட்காரவைக்கும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டாம் படியின் மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். ஃபியூகல்-மேயரில் சுமார் 5 புள்ளி ஏறியிருந்தால் அது அன்றாடத்தில் உணரக்கூடிய மாற்றம் என்று பொதுவாகக் கொள்வார்கள். விளையாட்டின் எண்கள் ஏறி இந்த அளவுகள் அசையாமல் இருந்தால், அவர் விளையாட்டை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார். பதினொன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

14. ஒவ்வொரு அமர்வையும் மேசைமேல் முடியுங்கள்

கடைசி ஐந்து நிமிடம் ஹெட்செட் இல்லாமல். நான்காம் படியில் எழுதிய வேலை இருக்கிறதல்லவா, அதை உண்மையான பொருளை வைத்துச் செய்யுங்கள். திரையில் குவளைக்கு எடையில்லை, விளிம்பில்லை, வழுக்கலில்லை. அங்கே நூறு குவளைகளை வைத்தவர் மேசையில் ஒன்றை எடுக்கத் திணறுவது இயல்பு. முதலில் காலிக் குவளை, பிறகு கால்பங்கு தண்ணீர், பிறகு பாதி. அன்றைய கடைசி ஆட்டத்தில் அவர் எட்டிய அதே தூரத்தில், அதே திசையில் குவளையை வையுங்கள். கை அப்போதுதான் போய்வந்த பாதை அது.

மேலே சொன்ன அந்த அம்மாவின் துண்டு மூன்றாம் வாரம் 29 சென்டிமீட்டரில் விழாமல் நின்றது. அன்று குவளையை 25-இல் வைத்தோம். எடுத்தார், பாதி வழியில் தண்ணீர் சிந்தியது, மகள் துடைக்க எழுந்தார். "இரு, நானே துடைக்கிறேன்" என்று வலது கையை நீட்டினார். துணி மேசையின் வலது ஓரத்தில் இருந்தது. மறுநாள் அளவெடுத்தபோது அந்தத் திசைக்கு இரண்டு இலக்குகளைக் கூடுதலாக வைத்தேன்.